ஓலைச் சாயத்தண்ணீரும் உவர்க் கிணறும்: பின்கட்டில் ஒரு ஃபென்டன் தொட்டி

சாயத்தண்ணீரின் நிறத்தை மட்டும் போக்க வேண்டுமென்றால் இவ்வளவு எழுத வேண்டியதே இல்லை. ஒரு கை பிளீச்சிங் பவுடர் அள்ளிப் போட்டுக் கலக்கினால் கண்ணெதிரே வெளுத்துவிடும். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், ஓலைப்பெட்டி முடைகிற வீடுகளில் சிலர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயை அடைக்க அது போதுமாகவும் இருந்தது. ஆனால் குளோரின் சாய மூலக்கூறை ஓரளவுதான் உடைக்கும், உடைந்த துண்டுகளில் தானும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகிற சேர்மங்களில் சில, பழைய சாயத்தைவிட விஷமாகவும் மண்ணில் நெடுநாள் அழியாமல் கிடப்பவையாகவும் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் பயமும் போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கள் மதினியும் அந்தத் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்துதான் பின்கட்டில் சாயம் காய்ச்சுகிறார்கள். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, பட்டை பட்டையாக வார்ந்து வைத்துக்கொண்டு, பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும்போது சாயப்பொடியைக் கரைத்து ஓலையை அமுக்கிவிடுவார்கள். பச்சை, ரோஸ், ஊதா, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக முடிந்ததும் அடியில் நிற்கிற மிச்சம் எல்லாம் ஒரே டிரம்மில் கொட்டப்படும். நோன்புப் பெருநாளுக்கும் கல்யாண சீசனுக்கும் மிட்டாய்ப் பெட்டி ஆர்டர் வந்தால் அந்த டிரம் சீக்கிரமே நிரம்பிவிடும். உள்ளே இருப்பது கரும்பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு திரவம், விரலை விட்டால் இரண்டு நாளைக்குக் கறை போகாது.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிற நண்பர் ஒருவர் பொட்டலங்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்: பச்சை மாலகைட் கிரீன், ஊதா மெத்தில் வயலெட், மஞ்சள் ஆரமின், ரோஸ் ரோடமின் பி. கடைசிப் பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அது இதனால்தான். மாலகைட் கிரீன் மீன் தொட்டிகளில் பூஞ்சை மருந்தாக ஓடிக்கொண்டிருந்த பொருள், சாப்பிடுகிற மீனில் அது இருக்கக் கூடாதென்று பல நாடுகள் தடுத்துவிட்டன. இந்த நாலும் சேர்ந்த தண்ணீரை நாங்கள் தென்னை மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் மண் வெறும் கடல் மணல், சாயத்தைப் பிடித்து வைக்க அதில் களிமண் கிடையாது. சில அடி தோண்டினாலே ஊற்று. அதே வளவில்தான் கிணறு, கொஞ்ச தூரம் நடந்தால் மன்னார் வளைகுடா. 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்த 21 தீவுகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

சாயத்தை வடிகட்டி எடுப்பது ஒரு வழி, உடைத்து அழிப்பது இன்னொரு வழி. கரித்தூளில் வடிகட்டினால் சாயம் கரிக்கு மாறும், பிறகு அந்தக் கரியை எங்கே போடுவது என்று திரும்பவும் அதே கேள்வி. உடைக்கிற வழிகளில் உயர்நிலை ஆக்சிஜனேற்றம் என்று ஒரு குடும்பமே உண்டு. ஓசோன், புற ஊதா விளக்கோடு பெராக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடும் வெயிலும், ஃபென்டன் வினை என்று பல. எல்லாவற்றுக்கும் குறி ஒன்றுதான்: ஹைட்ராக்சில் ராடிக்கலை, அதாவது ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரானோடு தவிக்கிற OH துண்டை, உண்டாக்குவது. அதன் ஆக்சிஜனேற்ற வலிமை ஏறத்தாழ 2.8 வோல்ட், ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36 தான். ஆயுள் மிகக் குறைவு, பிறந்த இடத்தில் எதிர்ப்பட்டதைத் தாக்கிவிட்டுப் போய்விடும். இந்தச் சாயம், அந்தச் சாயம் என்று பார்ப்பதில்லை என்பதால் கலவைச் சாயத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் எதையும் பார்க்காது என்பதுதான் இதன் தொல்லையும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓசோனுக்கு இயந்திரம், மின்சாரம் என்று செலவு உண்டு, போதாததற்குக் கடலோரத் தண்ணீரில் புரோமைடு இருக்கும் (கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவு). ஓசோன் அதை புரோமேட்டாக மாற்றும், அது குடிநீரில் இருக்கவே கூடாத சரக்கு. டைட்டானியம் தூள் வெயிலில் வேலை செய்யும், ஆனால் 387 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத்தான் தின்னும், வெயிலில் அந்தப் பங்கு சொற்பம். மாவு மாதிரி தூளைத் திரும்ப வடித்தெடுப்பதும் பின்கட்டு வேலை இல்லை. இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஃபென்டனுக்கு வேண்டியது இரண்டே பொருள்: இரும்பு உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு. இரும்பு உப்பு என்றால் அன்னபேதிதான், உரக்கடையில் நிலக்கடலைக்குப் போடக் கேட்டால் கொடுக்கிற அதே பச்சை உப்பு, 19 சதவீத இரும்பு என்று பையிலேயே அச்சிட்டிருக்கும். பழுப்பேறி இருந்தால் வாங்காதீர்கள், அது காற்றில் ஆக்சிஜனேற்றமாகிப் பாதி ஃபெரிக் இரும்பாகிவிட்ட சரக்கு, நமக்கு வேண்டியது ஃபெரஸ் இரும்பு. பெராக்சைடு 50 சதவீதம், நூல் வெளுக்கிற வேலைக்காக பரமக்குடிப் பக்கம் சாயக்கடைகளில் கிடைக்கிறது. மருந்துக்கடையில் கிடைப்பது 6 சதவீதம்தான், டிரம் கணக்கு வேலைக்கு அது கட்டுபடியாகாது. 50 சதவீதச் சரக்கு பட்டால் தோல் வெள்ளையாகிச் சுரீர் என்று எரியும். கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் உறை இல்லாமல் கேனைத் தொடவே கூடாது. கேனின் மூடியில் காற்றுப் போகிற துளை இருக்கும், அதை அடைக்கக் கூடாது, எங்கள் ஊர் வெயிலில் வெளியே வைக்கவும் கூடாது. அளக்க பிளாஸ்டிக் குவளை மட்டும். துருப் பிடித்த கரண்டியை உள்ளே விட்டால் அங்கேயே சிதைய ஆரம்பிக்கும். பிள்ளைகள் திரிகிற வீடு என்பதால் நான் தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

மூன்றாவதாக அமிலம். இந்த வினைக்கு பிஹெச் 3 பக்கம் இருக்க வேண்டும். 4-க்கு மேலே போனால் இரும்பு துருவாகப் படிய ஆரம்பிக்கும், 2-க்குக் கீழே போனாலும் மந்தமாகும். கழிவறை கழுவுகிற ஆசிட் மலிவு, ஆனால் அது ஹைட்ரோகுளோரிக், அதாவது நாமே குளோரைடை ஊற்றுவதாகிவிடும். நான் எடுத்தது பேட்டரிக் கடையில் விற்கிற புது பேட்டரி ஆசிட், அது சல்ஃப்யூரிக். பழைய பேட்டரியைக் கவிழ்த்து எடுக்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கும். மதினி, “புளியைக் கரைச்சு ஊத்துனா ஆகாதா தம்பி, அதுவும் புளிப்புத்தானே” என்றார்கள். நல்ல கேள்விதான். புளியில் இருக்கிறது டார்டாரிக் அமிலம். வேடிக்கை என்னவென்றால், ஃபென்டன் என்கிற வேதியியலாளர் 1894-இல் இந்த வினையை விவரித்ததே, இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து டார்டாரிக் அமிலத்தை எப்படி ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்று பார்த்துத்தான். அதாவது புளியைப் போட்டால் பெராக்சைடு சாயத்தை விட்டுவிட்டுப் புளியைச் சாப்பிடும். சில வீடுகளில் சாயம் பிடிக்கப் புளித்தண்ணீர் விடுவார்கள், அந்த வீட்டுத் தண்ணீர் கூடுதல் பெராக்சைடு கேட்பதற்குக் காரணமும் இதுவே.

கணக்கு இப்படிப் போட்டேன். 50 லிட்டர் சாயத்தண்ணீர், லிட்டருக்கு 1 கிராம் தூய பெராக்சைடு என்றால் 50 கிராம், 50 சதவீதக் கரைசலில் அது ஏறத்தாழ 85 மில்லி. இரும்பு அதில் பத்தில் ஒரு பங்கு, 5 கிராம், அதற்கு அன்னபேதி 25 கிராம் சொச்சம். முதலில் தண்ணீர் நன்றாக ஆற வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் பெராக்சைடு சும்மா நுரைத்து ஆக்சிஜனாகப் போய்விடும். அப்புறம் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஹெச் தாளில் 3 முதல் 3.5 வரை கொண்டுவந்து, அன்னபேதியைத் தனியாகக் கரைத்து ஊற்றி, கடைசியில் பெராக்சைடை மூன்று பங்காகப் பிரித்து இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் மிதமிஞ்சிய பெராக்சைடே ராடிக்கலைப் பிடித்துத் தின்றுவிடும். இரும்பு கூடினாலும் அதே கதை. அலுமினிய அண்டா கூடாது, சிமெண்ட் தொட்டியும் கூடாது, இரண்டையும் அமிலம் அரிக்கும். மூடி போட்டு இறுக்கவும் கூடாது, உள்ளே ஆக்சிஜன் அழுத்தம் ஏறும்.

முதல் டிரம்மில் நடந்தது இது. ஆசிட் ஊற்ற ஊற்றத் தண்ணீர் சோடா மாதிரிப் பொங்கியது, 50 மில்லி பக்கம் போன பிறகுதான் பிஹெச் இறங்கியது. பெராக்சைடு விட்டதும் பச்சை முதலில் மறைந்து, ஊதா வெளிறி, சில நிமிடங்களில் ரோஸும் பழுப்புமாக ஒரு நிறத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் அதே. இன்னொரு பங்கு பெராக்சைடு விட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றது.

இரண்டு காரணம் இருக்கலாம் என்று நினைத்தேன், இரண்டும் தண்ணீரிலேயே இருக்கின்றன. எங்கள் கிணறு உவர். குடிக்க காவிரிக் கூட்டுக் குடிநீர்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறோம், மற்ற எல்லா வேலைக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் பைகார்பனேட்டும் உண்டு, குளோரைடும் உண்டு. இரண்டுமே ராடிக்கலைப் பிடிக்கும். பந்தியில் சாயம் உட்காரும் முன்னால் உப்பு உட்கார்ந்து இலையைக் காலி செய்துவிடுகிற மாதிரி. எது எவ்வளவு தின்கிறது என்று பிரித்துப் பார்க்க நாலு வாளி வைத்தேன். ஒரே அளவு சாயப்பொடிகள், ஒரே அளவு அன்னபேதி, ஒரே அளவு பெராக்சைடு. ஒன்றில் ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் மழைத்தண்ணீரும் வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பும், நாலாவதில் மழைத்தண்ணீரும் சமையல் சோடாவும்.

மழைத்தண்ணீர் வாளி கால் மணி நேரத்துக்குள் வெளிர் மஞ்சளுக்கு வந்துவிட்டது. சோடா வாளிக்கு ஆசிட் அதிகம் பிடித்தது, ஆனால் பிஹெச் 3 வந்த பிறகு மழைத்தண்ணீர் வாளியை ஒட்டியே போனது. பைகார்பனேட் அமிலத்தில் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடுகிறது, அந்தப் பொங்கல் அதுதான். கல்லுப்பு வாளியோ கிணற்று வாளிக்கு இரட்டைப் பிறவி, இரண்டும் அதே ரோஸ் பழுப்பில் நின்றன. ஆக வில்லன் குளோரைடு. இதில் ஒரு சிக்கலான விஷயம் இருக்கிறது: நடுநிலைத் தண்ணீரில் குளோரைடு ராடிக்கலைப் பிடித்தாலும் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடும். அமிலத்தில்தான் அந்தப் பிடி இறுகி, ராடிக்கல் குளோரின் அணுவாக மாறிவிடுகிறது. அதாவது பைகார்பனேட்டை விரட்ட அமிலம் விட்டால், குளோரைடுக்கு அது சாதகமாகிறது. போதாததற்கு ஃபெரிக் இரும்போடு குளோரைடு கட்டிக்கொண்டு அதைத் திரும்ப வேலைக்கு வர விடாமலும் செய்கிறது. அந்தக் குளோரின் ராடிக்கலும் சாயத்தை உடைக்கும்தான், ஆனால் அப்போது நாம் திரும்பவும் பிளீச்சிங் பவுடர் கதைக்கே வந்துவிடுகிறோம்.

உப்பை எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்ததில், லிட்டருக்கு அரைக் கிராம் குளோரைடு வரை பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு கிராமைத் தாண்டும்போது நன்றாகவே தெரிகிறது. எங்கள் கிணறு கோடையில் அதைவிட இரண்டு மடங்கு காட்டுகிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு பாதிக்கும் கீழே வரும்.

இதற்கு வினையைச் சரிசெய்வதைவிடச் சாயம் காய்ச்சுகிற தண்ணீரை மாற்றுவதுதான் சுலபம். கழிவான பிறகு உப்பை எடுக்க முடியாது, ஃபென்டன் உப்பைத் தொடவே தொடாது. திருப்பூரில் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போட உப்பு கிலோக் கணக்கில் வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் நிறம் மட்டுமில்லை, நொய்யலில் ஏறிய உப்பும் இருந்தது. நம் ஓலைக்கு அந்தக் கட்டாயமே இல்லை. இவை நேர்மின் சாயங்கள், ஓலையில் தானாகவே ஒட்டும், உப்பு போட்டால் மெதுவாகத்தான் ஏறும். இருந்தும் பழக்கத்தில் ஒரு பிடி கல்லுப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி, மழைத்தண்ணீருக்கு என்று ஒரு பழைய சின்டெக்ஸ் தொட்டியைக் கூரைக் குழாயோடு இணைத்தோம். ஊருணித் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் அது குடிக்கிற தண்ணீர், அதைச் சாயத்துக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, கேட்டாலும் ஊரில் விட மாட்டார்கள். மழைத்தண்ணீரில் சாயம் திட்டுத் திட்டாகப் படியாமல் சீராக ஏறுகிறது என்று பெண்களே சொன்னார்கள். பொடியும் குறைவாகப் பிடிக்கிறதாம். அதன் பிறகு யாரும் என்னிடம் ரசாயனப் பாடம் கேட்கவில்லை, அந்த ஒன்றே தொட்டியை ஏற்றுக்கொள்ளப் போதுமாக இருந்தது.

ஆசிட் செலவும் இறங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீருக்கு 50 மில்லி கேட்ட அதே அளவுக்கு இப்போது 10 மில்லி கூட ஆவதில்லை.

வெயிலைப் பற்றி. டிரம்முக்குள் இருட்டில் நடக்கிற ஃபென்டன் முதல் சில நிமிடங்கள்தான் வேகமாக இருக்கும். ஃபெரஸ் இரும்பு பெராக்சைடைப் பார்த்ததும் ராடிக்கலைத் தந்துவிட்டு ஃபெரிக் ஆகிவிடும். அது மறுபடி ஃபெரஸ் ஆவது ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவான வேலை. ஆனால் அதே ஃபெரிக், பிஹெச் 3-இல் தண்ணீரோடு சேர்ந்திருக்கிற வடிவத்தில், புற ஊதாவையும் அதை ஒட்டிய ஊதா ஒளியையும் வாங்கிக்கொண்டு ஃபெரஸாகத் திரும்பும், திரும்பும்போது கூடவே ஒரு ராடிக்கலையும் தரும். கரண்ட் செலவில்லாத விளக்கு நம் தலைக்கு மேலேயே இருக்கிறது, இந்தக் கடற்கரையில் அதற்கா பஞ்சம். ஆனால் கருத்த சாயத்தண்ணீரில் ஒளி உள்ளே இறங்காது. அதனால் முதல் பங்கு பெராக்சைடை டிரம்மிலேயே விட்டு நிறத்தை வெளிறச் செய்துவிட்டு, அப்புறம் கொத்தனார்கள் கலவை போடுகிற அகலமான பிளாஸ்டிக் தொட்டிகளில் நாலு விரல் ஆழத்துக்கு ஊற்றி, மீதி இரண்டு பங்கை வெயிலில் விடுகிறேன். காலை பத்து மணிக்கு ஊற்றினால் மதியத் தொழுகைக்குள் முடிந்துவிடுகிறது. மேகமூட்டமான நாளில் சாயங்காலம் வரை இழுக்கும். இருட்டு டிரம்முக்குத் தேவைப்பட்ட இரும்பில் பாதியே இதற்குப் போதும், அது பின்னால் வண்டலைக் குறைக்கும் என்பதால் முக்கியம்.

இனி, நிறம் போய்விட்டதா என்று பார்ப்பது. கண்ணை நம்ப முடியாது, ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றும். ரோடமின் ஒளிர்கிற சாயம், துளி மிச்சமிருந்தாலும் வெயிலில் பளிச்சென்று தெரியும், அதனால் அது கடைசியாகப் போவதாகத் தோன்றும். அது உடையும்போது ஓரங்களில் இருக்கிற எத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றால் ரோஸ் ஆரஞ்சு மஞ்சளாக மாறும், அது மறைந்ததாக அர்த்தமில்லை. ஆரமின் மஞ்சள், ஃபெரிக் இரும்பும் மஞ்சள், தொட்டியில் கடைசியாக நிற்கிற வெளிர் மஞ்சள் எது என்று இரும்பைப் படிய வைக்காமல் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றுக்காரன் மாலகைட் கிரீன். சுண்ணாம்பு போட்டு பிஹெச் ஏறினால் அது உடையாமலேயே நிறமில்லாத வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக இருக்கும், உள்ளே சாயம் முழுதாக இருக்கும். இதற்கு ஒரே பரிசோதனை, தெளிந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, இரண்டு சொட்டு ஆசிட் விட்டு, அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது. பச்சை திரும்பி வந்தால் வேலை முடியவில்லை. பிளீச்சிங் பவுடர் போடாமல் வெறும் சுண்ணாம்பு மட்டும் போட்டு நிறம் போய்விட்டது என்று சொல்கிறவர்களிடம் இதைச் செய்து காட்டுங்கள்.

கண்ணுக்குப் பதிலாக ஒரு சின்ன நிறமானியும் கட்டினேன். ஒரு அங்குல பிவிசி குழாய்த் துண்டை உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து, சோதனைக்குழாய் நிற்க மேலே ஒரு ஓட்டை, ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் எல்டிஆர் (விழுகிற ஒளிக்கு ஏற்ப மின்தடை மாறுகிற சின்ன பாகம்), அதன் இரண்டு முனையும் மல்டிமீட்டருக்கு. எல்இடி மட்டும் மாற்றி மாற்றி வைக்கிற மாதிரி. பச்சைச் சாயம் சிவப்பு ஒளியைத்தான் அதிகம் குடிக்கும் (617 நானோமீட்டர் பக்கம்), அதற்குச் சிவப்பு எல்இடி. ஊதாவுக்கு மஞ்சள் எல்இடி, ரோஸுக்குப் பச்சை எல்இடி, மஞ்சளுக்கு நீலம். ஆரமினுக்கு இன்னும் நெருக்கமாக 405 நானோமீட்டர் ஊதா எல்இடி கிடைக்கும், ஆனால் அந்த இடத்தில் இரும்பும் ஒளியைக் குடிக்கிறது, அதனால் நீலமே மேல். ஒவ்வொரு சாயத்தையும் தெரிந்த அளவில் கரைத்து, பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்க வைத்து, ஓம் கணக்கைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டால் போதும், கணக்கு எதுவும் போட வேண்டாம், தாளோடு ஒப்பிட்டாலே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். துல்லியமான கருவி இல்லை. ஆனால் “போயிருச்சு தம்பி, இன்னும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்” என்று மதினி கேட்கும்போது காட்ட ஒரு எண் இருக்கும்.

வெயில் வேலை முடிந்ததும் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு பிஹெச்சை 8-க்கு மேல் கொண்டுபோக வேண்டும். இரும்பு செம்பழுப்புக் கூழாகத் திரண்டு இறங்கும், மிச்ச சாயத் துண்டுகளில் கொஞ்சத்தையும் இழுத்துக்கொண்டு. இரவு முழுக்க விட்டால் மேலே தெளிந்துவிடும். மிச்சப் பெராக்சைடும் இதில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளரில் எடுத்து பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகை போடுங்கள், குமிழி வந்தால் பெராக்சைடு இருக்கிறது, இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன் இதைப் பார்ப்பது அவசியம். சிஓடி (தண்ணீரில் இருக்கிற கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு) சோதனையில் பெராக்சைடும் கணக்கில் வந்துவிடும், ஒரு மில்லிகிராம் பெராக்சைடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் சிஓடியாகக் காட்டும், சுத்திகரித்த தண்ணீர் மோசமானது போலத் தெரியும். குளோரைடும் அந்தச் சோதனையைக் கெடுக்கும், லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் இருந்தால் அந்த முறையே பொருந்தாது. கிணற்றுத் தண்ணீர்ச் சாயத்தை இனி அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழைத்தண்ணீர்ச் சாயத்தின் முடிவு வந்தபோது, நிறமானியில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லாத மாதிரியில் சிஓடி பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் குறைந்திருந்தது. இது எதிர்பார்த்ததுதான். சாய வளையங்கள் உடைந்ததும் நிறம் போய்விடும், துண்டுகள் ஆக்சாலிக், அசிட்டிக் மாதிரிச் சின்ன அமிலங்களாக நின்றுவிடும், அவற்றை ராடிக்கல் மெதுவாகத்தான் தின்கிறது. முழுக்க கார்பன் டை ஆக்சைடாக்க வேண்டுமானால், ஒரு கிராம் சிஓடிக்கு 2.1 கிராம் தூய பெராக்சைடு என்பது ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் அதற்கும் மேலே. அதற்குச் செலவழிப்பதை விட, இந்தச் சின்ன அமிலங்களை மண் பாக்டீரியாவுக்கு விட்டுவிடலாம், அவற்றுக்கு அது நல்ல தீனி. பின்கட்டில் மணலும் கருங்கல் சில்லும் போட்டுக் கோரை நட்ட ஒரு குழியில் மெதுவாக வடிய விடுகிறேன். பொதுவான வெளியேற்ற வரம்பு சிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம், அதற்குக் கீழே வந்த பிறகுதான் குழியிலிருந்து தென்னைக்கு.

விஷம் குறைந்திருக்கிறதா என்பதற்குப் பாசிப்பயறு முளைக்க வைத்துப் பார்த்தேன். இதில் கவனம் வேண்டும், உப்பே முளைப்பைக் கெடுக்கும், அதனால் ஒப்பிட வேண்டியது அதே உப்பளவுள்ள சாதாரணத் தண்ணீரோடுதான், குடிநீரோடு இல்லை. சுத்திகரிக்காத சாயத்தில் வேர் குட்டையாகி நுனி கருகிவிட்டது, தொட்டி முடித்த தண்ணீரில் வேர் ஒப்பீட்டுத் தண்ணீருக்குச் சற்றே குறைவு. அடுத்து ஆர்டிமியா என்கிற குட்டி உப்புநீர் இறாலின் முட்டை வாங்கிப் பொரித்துப் பார்க்க எண்ணம், உப்பளத்தில் வாழ்கிற உயிர் என்பதால் உப்புக் குழப்பம் அதில் இருக்காது.

வண்டல்தான் மீதி. 50 லிட்டருக்கு உலர்ந்த கணக்கில் 10 கிராமும் தேறாது, ஆனால் ஈரமாக இருக்கும்போது சில லிட்டர் கூழாகப் பரந்து கிடக்கும். பழைய வேட்டித் துணியில் வடித்து, வெயிலில் காயவைத்து, மூடியுள்ள வாளியில் சேர்க்கிறேன். அதில் சாயத் துண்டுகள் ஒட்டியிருக்கும், இரும்புச் சத்துத்தானே என்று தோட்டத்தில் போடக் கூடாது. அபாயக் கழிவு எடுக்கிறவர்கள் வாளிக் கணக்கில் வர மாட்டார்கள் என்பதால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே இடத்தில் சேர்ப்பது என்று பேசியிருக்கிறோம். ஆரமின் பொட்டலத்தை மட்டும் மதினி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், மஞ்சள் வேண்டிய பெட்டிக்குச் சாயம் போடாத ஓலையின் நிறமே போதும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் சரி என்றுவிட்டார்கள். பச்சையையும் ரோஸையும் விட அவர்களுக்கு இன்னும் மனமில்லை.